பெட்ரோல் குடிக்கும் மாடு

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு ஒரு சாலை போகிறது. வழியில் கொளத்தூர் வரும். கோவிந்தப்பாடி வரும். பிறகு ஒரு பாலம் வரும். அந்தப் பாலத்தின் கீழே ஓடுவது பாலாறு.

வேலூர்ப் பாலாறு வேறு, இது வேறு. இது காவிரியோடு சேரும் சின்ன ஆறு. சேரும் இடத்தில் மேட்டூர் அணையின் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்த அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. பாலாற்றின் ஒரு கரை தமிழ்நாடு. மறு கரை கர்நாடகம். கர்நாடகக் கரை முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. மாவட்டத்தின் பெயர் மாறியது. மக்கள் பேச்சு மாறவில்லை. தமிழும் பேசுவார்கள். கன்னடமும் பேசுவார்கள்.

இந்தப் பக்கம் பெரும்பாலும் மழையை நம்பிய வெள்ளாமை. ராகி போடுவார்கள். மக்காச்சோளம் போடுவார்கள். மழை பெய்தால் பயிர் வளரும். பயிரை விட வேகமாகக் களை வளரும். மக்காச்சோளத்துக்கு முதல் 45 நாள் முக்கியம். அந்த நாட்களில் களையை விட்டுவிட்டால் கதிர் சிறுத்துப் போகும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் பயன் இல்லை.

முன்பு வீட்டுக்கு வீடு ஏர் மாடு இருந்தது. வரிசைக்கு நடுவே மாடு கட்டி இடை உழவு ஓட்டினார்கள். இப்போது பல வீடுகளில் ஏர் மாடு இல்லை. களை எடுக்க ஆளும் எளிதில் கிடைப்பதில்லை. இளைஞர்கள் மைசூர், பெங்களூர், திருப்பூர் என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் களை எடுக்கும் இயந்திரம் ஊருக்குள் வந்தது. கடைக்காரர்கள் இதைப் பவர் வீடர் என்பார்கள்.

இதன் முன்பக்கம் ஒரு பெட்ரோல் எஞ்சின் இருக்கும். அடியில் வளைந்த கத்திகள் சுழலும். அவை மண்ணைக் கொத்திக் களையைப் புரட்டிப் போடும். பின்னால் இரண்டு கைப்பிடி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு ஆள் நடக்க வேண்டும். ஏர் ஓட்டுவது போலத்தான்.

பெரிய பூங்காக்களில் புல் வெட்டும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் வண்டியும் இதுவும் பங்காளிகள். புல் வெட்டும் வண்டியை முதலில் செய்தவர் எட்வின் பட்டிங். இங்கிலாந்துக்காரர். ஆண்டு 1830. அதற்கு எஞ்சின் கிடையாது. கையால் தள்ள வேண்டும். எஞ்சின் வந்த பிறகு இரண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி எஞ்சினை வைத்தார்கள். ஆகவே எஞ்சினைப் பற்றி இங்கே சொல்வது எல்லாம் புல் வெட்டும் வண்டிக்கும் பொருந்தும். நாளைக்கு நீங்கள் மைசூரில் தோட்ட வேலைக்குப் போனாலும் உதவும்.

வாங்கும் முன் நாடா எடுங்கள்

பாலாற்றுப் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள். மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். கணவர் பவர் வீடர் வாங்க ஆசைப்பட்டார். கையில் பாதிப் பணம் இருந்தது. மீதிக்கு மனைவி தன் மகளிர் குழுவில் கடன் எடுத்தார். மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். இயந்திரம் ஓடினாலும் தவணை உண்டு. நின்றாலும் தவணை உண்டு.

கடைக்குப் புறப்படும் முன் மனைவி கேட்டார்: "ஏங்க, அந்த வண்டி நம்ம வரிசைக்குள்ள போகுமா?"

நல்ல கேள்வி. பலர் இதைக் கேட்பதில்லை. மக்காச்சோளத்தை வழக்கமாக 60 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நடுவார்கள். அதாவது இரண்டு அடி. அதற்குள் போக வேண்டுமானால் கத்திகள் ஒன்றரை அடிக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. பல இயந்திரங்களில் ஓரக் கத்திகளைக் கழற்றி அகலத்தைக் குறைக்கலாம். சிலவற்றில் முடியாது. நிலக்கடலைக்கு வரிசை இடைவெளி ஒரு அடிதான். அதற்குள் இந்த வண்டி போகாது. கைக் களைவெட்டிதான் சரி. விதையைக் கையால் வீசி விதைத்த ராகிக் காட்டுக்கும் இது உதவாது. வரிசையே இல்லாத இடத்தில் வண்டி எங்கே போகும்?

ஆகவே முதலில் நிலத்துக்குப் போய் நாடா வைத்து அளந்து பாருங்கள். பிறகு கடையில் கத்தியின் அகலத்தை அளந்து பாருங்கள்.

மானியமும் உண்டு. வேளாண் கருவிகளுக்கு மானியம் தர மத்திய அரசு 2014-15-ல் ஒரு திட்டம் தொடங்கியது. அதன்படி சிறு விவசாயிகள், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்குக் கூடுதல் மானியம். இங்கே எல்லைக் கரையில் ஒரு குழப்பம் வரும். நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தில்தான் மனு கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறைக்குப் போக வேண்டும். கையில் பட்டா, சிட்டா வேண்டும். கர்நாடகத்தில் ரைத்த சம்பர்க்க கேந்திரத்துக்குப் போக வேண்டும். அங்கே பஹணி கேட்பார்கள். முதலில் மனு, பிறகு அனுமதி, அதன் பிறகே இயந்திரம். முன்னால் வாங்கிவிட்டுப் பின்னால் மானியம் கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

நிலம் ஒரு ஏக்கர்தான் என்றால் சொந்தமாக வாங்கக் கடன் படத் தேவையில்லை. வாடகைக்கு எடுப்பதே லாபம். கர்நாடகத்தில் கிருஷி யந்திரதாரே என்ற வாடகை மையங்கள் உண்டு. தமிழ்நாட்டிலும் வேளாண்மைப் பொறியியல் துறை கருவிகளை வாடகைக்குத் தருகிறது.

ஆடி மாதம் நின்றுபோன வண்டி

அந்தக் குடும்பம் வண்டி வாங்கியது. முதல் வருடம் நன்றாக ஓடியது. ஐப்பசியில் வேலை முடிந்தது. கணவர் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடினார். டாங்கியில் பாதி பெட்ரோல் இருந்தது. "இருக்கட்டும், அடுத்த வருடம் உதவும்" என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஆடியில் மழை பெய்தது. மக்காச்சோளம் விதைத்தார்கள். இருபதாம் நாள் களை மண்டியது. கணவர் வண்டியை வெளியே எடுத்தார். கயிற்றை இழுத்தார். வண்டி கிளம்பவில்லை. பத்து முறை இழுத்தார். இருபது முறை இழுத்தார். தோள் வலித்ததுதான் மிச்சம்.

பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து பார்த்தார். "கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஊத்துப்பா, சூடு பிடிச்சுக்கும்" என்றார். இன்னொருவர், "ஏர் பில்டரைக் கழட்டிட்டு இழு மாப்ளே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். இரண்டும் எஞ்சினுக்குக் கெடுதல்.

நான்கு நாள் போய்விட்டது. களை முழங்கால் உயரம் வந்துவிட்டது. கடைசியில் வண்டியை மினி டெம்போவில் ஏற்றிக் கொளத்தூருக்குக் கொண்டு போனார்கள். மனைவியும் கூடப் போனார்.

மெக்கானிக் இளைஞர். டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"அண்ணா, இது எப்ப ஊத்தின பெட்ரோல்?"

"போன ஐப்பசியில தம்பி."

"ஒன்பது மாசம் ஆச்சு. பாலா இருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"பால் கெட்டுப் போகும். பெட்ரோலும் கெடுமா தம்பி?" என்று கேட்டார் மனைவி.

"கெடும்க்கா. இதைப் பாருங்க."

அவர் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். உள்ளே அரக்கு போல ஏதோ ஒட்டியிருந்தது. அடியில் தண்ணீர்த் துளிகள் உருண்டன. பெட்ரோல் போகும் ஊசித் துளை அடைத்திருந்தது. முடி அளவு துளை அது. அதில் கொஞ்சம் பிசின் படிந்தாலும் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது.

அன்று சுத்தம் செய்த கூலி, டெம்போ வாடகை, வீணான நாட்கள் எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு மாதத் தவணைக்கு மேல் ஆகிவிட்டது. வண்டியில் பெரிய பழுது ஒன்றும் இல்லை. டாங்கியில் மிச்சம் விட்ட ஒன்றரை லிட்டர் பெட்ரோல் செய்த வேலை அது.

பெட்ரோல் ஏன் கெடுகிறது?

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பொருள்கள் இருக்கின்றன. நாள் ஆக ஆக அவை பறந்துவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் என்பது கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் சாராயம். நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு முழுவதும் அந்த அளவை எட்டினார்கள். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடித் தண்ணீர்தான்.

பல சின்ன எஞ்சின்களின் கையேட்டில் நூற்றுக்கு 10 பங்கு எத்தனால் வரைதான் சரி என்று எழுதியிருக்கும். ஆகவே வாங்கும்போது கடைக்காரரிடம் கேளுங்கள்: "20 பங்கு எத்தனாலுக்கு இந்த எஞ்சின் தாங்குமா?" தாங்கும் என்றால் அது கையேட்டில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக்குத் தேவையான பெட்ரோலுக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம்.

வேலை முடிந்து வண்டியை நிறுத்தி வைக்கும்போது செய்ய வேண்டியதை மெக்கானிக் சொன்னார். மனைவி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுதியது இது:

டாங்கியில் மிச்சம் உள்ள பெட்ரோலைக் கேனில் இறக்கு. உடனே மொபெட்டுக்கு ஊற்றித் தீர்த்துவிடு. பெட்ரோல் காக்கை மூடு. எஞ்சினைக் கிளப்பு. கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓட விடு. எஞ்சின் எண்ணெயை மாற்று. பிளக்கைக் கழற்று. துளையில் ஒரு சின்னக் கரண்டி நல்ல எஞ்சின் எண்ணெய் விடு. கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழு. பிளக்கை மாட்டு. மறுபடி மெதுவாக இழு. கை கனக்கும் இடத்தில் நிறுத்து. துணி போட்டு மூடு.

கடைசி வரிக்குக் காரணம் உண்டு. பிளாஸ்டிக் தாள் போட்டால் உள்ளே வேர்க்கும். இரும்பு துருப்பிடிக்கும். பழைய சேலை போதும். தரையில் ஈரம் இருந்தால் பலகை மேல் நிறுத்துங்கள். எலியையும் மறக்கக் கூடாது. அது எஞ்சினின் இடுக்கில் கூடு கட்டும். வயரைக் கடிக்கும். மீண்டும் எடுக்கும் நாளில் முதலில் அங்கே பாருங்கள்.

மேட்டூர் அணைத் தண்ணீர் வற்றும்போது கரை நிலத்தில் பயிர் வைப்பவர்களும் உண்டு. தண்ணீர் ஏறினால் அவர்களுக்கு வேலை முடிந்தது. வண்டி பல மாதம் சும்மா நிற்கும். அவர்களுக்கும் மேலே சொன்ன முறைதான்.

எண்ணெய்

மாட்டுக்குத் தீனி மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். எஞ்சினுக்குத் தீனி பெட்ரோல் என்றால் தண்ணீர் எண்ணெய்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் கருவி ஒன்று உண்டு. அதில் பல டூ ஸ்ட்ரோக் வகை. அதற்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். பவர் வீடர் பெரும்பாலும் போர் ஸ்ட்ரோக் வகை. அதற்கு எண்ணெய் தனி, பெட்ரோல் தனி. எண்ணெய்க்கு என்று தனி வாய் இருக்கும். வீட்டில் இரண்டு கருவியும் இருந்தால் இரண்டு கேன் வையுங்கள். கேன் மேல் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எண்ணெய் கலக்காத பெட்ரோலை டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஊற்றினால் அது சிறிது நேரத்தில் இறுகிப் போகும். மறுபடி கடன்தான்.

தினமும் காலையில் கிளப்பும் முன் எண்ணெய் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்க வேண்டும். அளவுக் குச்சியை எடுத்துத் துடையுங்கள். மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் இருக்க வேண்டும். சில எஞ்சினில் குச்சியைத் திருகாமல் விட்டுப் பார்க்க வேண்டும். சிலவற்றில் திருகிப் பார்க்க வேண்டும். கையேட்டில் படம் இருக்கும். எண்ணெய் குறைந்தாலும் கெடுதல், மேல் கோட்டைத் தாண்டினாலும் கெடுதல்.

ஐந்து குதிரை சக்தி எஞ்சினுக்கு எண்ணெய் அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். புது எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரத்தில் எண்ணெய் மாற்றிவிட வேண்டும். புது இரும்பு உரசி வரும் பொடி அந்த எண்ணெயில் இருக்கும். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றலாம். எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண் புழுதி பறக்கும் காட்டில் இன்னும் சீக்கிரம் மாற்றுவது நல்லது. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் எண்ணெய் முழுதும் இறங்கும்.

வடித்த கறுப்பு எண்ணெயை என்ன செய்வது? சிலர் வாய்க்காலில் கொட்டுகிறார்கள். இங்கே எந்த ஓடையில் கொட்டினாலும் அது பாலாற்றுக்கும் காவிரிக்கும் போகும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் கோடிக்கணக்கான பேர். பழைய எண்ணெயை ஒரு கேனில் சேர்த்து ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கழிவு எண்ணெயை வாங்கிப் போக அங்கே ஆள் வருவார்கள்.

எஞ்சினுக்கும் மூக்கு உண்டு

ஏர் பில்டர்தான் அந்த மூக்கு. மூக்கு அடைத்தால் நமக்கு மூச்சுத் திணறும். எஞ்சினுக்கும் அப்படியே. கறுப்புப் புகை விடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். பில்டரைக் கழற்றி எறிந்துவிட்டால் மண் தூள் உள்ளே போய்ப் பிஸ்டனைத் தேய்த்துவிடும்.

பில்டரில் பஞ்சு போன்ற வகை உண்டு. அதைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு சில துளி எஞ்சின் எண்ணெய் விட்டுப் பிழிந்து மாட்ட வேண்டும். காகித வகையைக் கழுவக் கூடாது. தட்டித் தூசியைக் கொட்டலாம். கிழிந்தால் புதிது வாங்க வேண்டும். கையேட்டில் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று போட்டிருக்கலாம். அந்தக் கணக்கு சாதாரண இடத்துக்கு. புழுதிக் காட்டில் தினமும் மாலையில் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பிளக்கையும் அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பில்டர் அடைத்திருக்கலாம். சோக்கைத் திறக்க மறந்து ஓட்டியிருக்கலாம்.

கத்தி யாரையும் பார்க்காது

இதை இரண்டு முறை படியுங்கள். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் போகும். இங்கே தவறினால் விரல் போகும், கால் போகும்.

ஒரு நாள் கணவர் களை ஓட்டிக்கொண்டிருந்தார். கத்தியில் கொடி சுற்றிக்கொண்டது. கிளட்சை விட்டார். கத்தி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து கொடியைப் பிடித்தார்.

கரையில் நின்ற மாமியார் கத்தினார்: "டேய், கையை எடுடா!"

அவர் கையை எடுத்தார். கிளட்ச் கம்பி இறுகியிருந்தால், யாராவது கைப்பிடியில் இடித்திருந்தால், கத்தி சுழன்றிருக்கும். எஞ்சினுக்கு அப்போது கொடி எது, விரல் எது என்று தெரியாது.

கத்தியைத் தொடும் முன் எஞ்சினை நிறுத்துங்கள். பிளக்கின் தொப்பியைப் பிடுங்கித் தள்ளி வையுங்கள். தொப்பி கழன்றிருந்தால் யார் கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது. அதன் பிறகும் கையை நேராக விடாதீர்கள். அரிவாள் நுனியால் கொடியை அறுத்து எடுங்கள்.

பின்னால் எடுப்பதுதான் மிகவும் ஆபத்து. வண்டி பின்னால் வரும்போது ஓட்டுபவர் வரப்பில் இடறி விழலாம். மரத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவே நசுங்கலாம். வண்டி காலின் மேல் ஏறும். ஆகவே வரப்பு ஓரத்திலும் மரத்தடியிலும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் திருப்புங்கள். நேரம் போகும். போகட்டும்.

வெறுங்காலோடு ஓட்டாதீர்கள். செருப்பும் போதாது, மூடிய பூட்ஸ் வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டினாலும் அவிழும். கால்சட்டை நல்லது. பெண்கள் ஓட்டும்போது முந்தானையை இழுத்துச் செருகி, மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்ளலாம். கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். கல் தெறிக்கும். பிள்ளைகளையும் நாயையும் நிலத்துக்கு வெளியே நிறுத்துங்கள். புது வண்டி என்றால் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வருவார்கள்.

பெட்ரோல் ஊற்றும்போது எஞ்சின் நின்று ஆறியிருக்க வேண்டும். பீடி கூடாது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி அடுப்பு எரிந்தாலும் அங்கே போய்த் தீப்பிடித்துத் திரும்பி வரும். அதனால் அடுப்பு இருக்கும் வீட்டுக்குள் பெட்ரோல் கேன் வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடும் ஆபத்தும் உண்டு. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு இருக்கிறது. அதற்கு மணம் இல்லை. மயக்கம் வரும்போதுதான் தெரியும். சில நேரம் அதற்கும் நேரம் இருக்காது.

எல்லாக் களைக்கும் இது மருந்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோரையும் அருகும் மண்டிய நிலத்தில் பவர் வீடர் ஓட்டினால், கத்தி அவற்றின் கிழங்கையும் தண்டையும் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பும். ஒவ்வொரு துண்டும் முளைக்கும். அங்கே கோடை உழவு போட்டு, வேரை வெயிலில் காய விட்டு, கையால் பொறுக்க வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

இரவல் கேட்டு வந்த மாமா

வண்டி சரியாகி ஓடத் தொடங்கியதும் உறவினர்கள் வந்தார்கள். முதலில் மாமா வந்தார்.

"மாப்ளே, வண்டியை ஒரு நாள் குடுப்பா. அரை ஏக்கர்தான்."

கணவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மனைவி சொன்னார்: "தாராளமா எடுத்துக்கங்க சித்தப்பா. ஆனா வண்டியோட இவரும் வருவாரு. இவருதான் ஓட்டுவாரு. பெட்ரோல் உங்களோடது."

மாமாவுக்கு முதலில் முகம் மாறியது. பிறகு ஒப்புக்கொண்டார். அன்று முதல் அதுவே வழக்கமானது. உறவுக்காரர்களுக்குப் பெட்ரோலும் எண்ணெய்ச் செலவும் மட்டும். மற்றவர்களுக்கு மணிக் கணக்கில் வாடகை.

கணக்கு எழுதுவது மனைவியின் வேலை. மெக்கானிக் சொன்னதை எழுதிய அதே நோட்டு. நான்கு கட்டம் போட்டார். தேதி, யார் நிலம், எத்தனை மணி, எத்தனை லிட்டர். ஒரு மணிக்கு ஒரு லிட்டருக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஆனது. ஒரு நாள் ஆறு மணி நேரத்துக்கு ஒன்பது லிட்டர் ஆகியிருந்தது. நோட்டில் அதைப் பார்த்ததும் மனைவி கேட்டார்: "ஏங்க, அன்னிக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" கணவர் பில்டரைத் திறந்தார். புழுதி அப்பியிருந்தது. கழுவி மாட்டினார். மறுநாள் கணக்கு பழையபடி வந்தது.

வாடகை மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு 100 ரூபாய்க்கு மேல் போகும். ஓட்டுபவர் கூலி உண்டு. மிச்சம் உள்ளதில் மணிக்கு 50 ரூபாயை மனைவி தனி உண்டியலில் போட்டார். எண்ணெய், பிளக், தேய்ந்த கத்தி எல்லாம் அந்த உண்டியலிலிருந்துதான். வீட்டுச் செலவுக்கு அதைத் தொடுவதில்லை. தவணைப் பணம் வேறு டப்பாவில்.

புரட்டாசி மாதம் ஒரு மாலை. நோட்டில் மணிக் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். ஆடியில் எண்ணெய் மாற்றிய பிறகு வண்டி 92 மணி நேரம் ஓடியிருந்தது. மறுநாள் மாமா நிலத்தில் ஆறு மணி நேர வேலை இருந்தது. அதற்கு அடுத்த நாள் பெரியப்பா நிலம்.

"பெரியப்பா நிலத்துக்குப் போறதுக்கு முன்னால எண்ணெய் மாத்திடுங்க" என்றார் மனைவி. கணவர் காலிக் கேனை எடுத்துக் கொட்டகையில் வைத்தார்.